அம்புலியைக் காட்டிப் பாருங்கள்!

திருச்செந்தூருக்குப் போய் வந்தவர்கள் மூன்று சங்கதிகளைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் சுரக்கும் நாழிக்கிணறு ஒன்று. பன்னீர் இலையில் மடித்துக் கொடுக்கும் விபூதி இரண்டு. மூன்றாவது, ஐந்து வயது வரை வாய் திறவாதிருந்து, செந்திலாண்டவன் சந்நிதியில் பேசத் தொடங்கிய ஒரு குழந்தையின் கதை.

அந்தக் குழந்தைதான் குமரகுருபரர். பதினேழாம் நூற்றாண்டில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில், சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மைக்கும் பிறந்தவர். கவிராயர் வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சே வரவில்லையென்றால் பெற்றவர்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! திருச்செந்தூருக்குத் தூக்கி வந்து விரதமிருந்தார்கள். பேச்சு வந்தது. வந்ததோடு நிற்காமல் 'கந்தர் கலிவெண்பா' என்ற நூலாகவே வந்தது என்று அவருடைய சரித்திரம் சொல்கிறது. பிற்காலத்தில் மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடியவரும், காசிக்குச் சென்று மடம் கண்டவரும் அவரேதான்.

பக்தர்களுக்கு இது அருள் பாலித்த கதை. அதில் குறுக்கிட நமக்கு என்ன வேலை? ஆனால், இந்தக் கதைக்கு வீடுகளில் ஒரு நிழலும் உண்டு. இரண்டு வயதாகியும் பிள்ளை 'அம்மா' என்று சொல்லவில்லை என்று ஒரு தாய் கவலைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைச் சீமை ஆச்சி என்ன சொல்லுவாள்?

"எதுக்குளா கெடந்து புலம்புத? குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினாரு. இவன் அப்பனும் மூணு வயசு வரைக்கும் வாயைத் தொறக்கல. ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்!"

ஆச்சி சொல்வதில் பாதி நிஜம். தாமதமாகப் பேச ஆரம்பித்து, பிறகு 'கொஞ்சம் வாயை மூடமாட்டாயா' என்று கெஞ்ச வைக்கிற குழந்தைகள் எத்தனையோ உண்டு. மற்றப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. பேச்சு வராமைக்குக் காது கேளாமை காரணமாக இருக்கலாம். ஆட்டிசம் காரணமாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஐந்து வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதிலேயே பார்க்கத் தொடங்கிவிடலாம். அந்த மூன்றரை வருஷம் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் சாமானியமானதல்ல.

ஒரு தகப்பனார் எழுதிய கடிதம்

ஆட்டிசம் என்பது நோயல்ல, பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வித்தியாசம். நமது அரசாங்கக் காகிதங்களில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். வாயில் நுழைவது என்னவோ ஆட்டிசம்தான். நாமும் அப்படியே சொல்வோம்.

அமெரிக்காவில் மிஸிஸிப்பி ராஜ்யத்தில் பாரஸ்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே 1933ல் பிறந்த டொனால்டு டிரிப்ளெட் என்ற பையனின் தகப்பனார், 1938ல் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கடிதமா அது? 33 பக்கம்! பையன் தனியாக விடப்பட்டால்தான் சந்தோஷமாக இருக்கிறான். யார் வந்தாலும் போனாலும் கவனிப்பதில்லை. வட்டமான சாமான் எது கிடைத்தாலும் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். ஆனால் ஞாபகசக்தியோ அபாரம் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். டாக்டர் கானர் டொனால்டையும், அவனைப் போன்ற வேறு பத்துக் குழந்தைகளையும் வருஷக்கணக்கில் கவனித்து, 1943ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்ற பெயரில் இந்த நிலை வைத்திய உலகத்தில் பிரபலமானது அந்தக் கட்டுரையால்தான்.

டொனால்டு என்ன ஆனார் என்கிறீர்களா? படித்தார், சொந்த ஊர்ப் பாங்கில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார், கால்ப் ஆடினார், தேசதேசமாகப் பிரயாணம் செய்தார். ஊரார் அவரை வேற்று மனிதராக நினைக்கவில்லை. 89 வயது வரை வாழ்ந்து 2023ல் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த 33 பக்கம்தான். ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. தலையைப் படம் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. குழந்தையை உற்றுக் கவனித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கவனிப்பு ஆஸ்பத்திரியில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்குகிறது.

பிள்ளைத்தமிழில் ஒரு கணக்கு

எதைக் கவனிப்பது? இதற்கு நாம் சீமைக்குப் போக வேண்டாம். நம்முடைய புலவர்களே குழந்தையின் வளர்ச்சியை மாதம் மாதமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பகழிக் கூத்தர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி, மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி, பதினேழில் சிற்றில். பிறகு சிறுபறை, சிறுதேர்.

சப்பாணி என்றால் கைகொட்டுவது. தாய் கைகொட்ட, பிள்ளை அதைப் பார்த்துக் கொட்ட வேண்டும். முத்தம் என்றால் கேட்டதற்குக் கொடுக்க வேண்டும். வருகை என்றால் 'வா' என்று அழைக்க, திரும்பிப் பார்த்துத் தளர்நடையிட்டு வர வேண்டும். அம்புலிக்குத் தாய் நிலாவைக் காட்ட வேண்டும், குழந்தை அதைப் பார்க்க வேண்டும். சிற்றிலில் சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். வீதியில் வரும் சிறுவனிடம் அதை அழிக்காதே என்று வேண்டுகிறார்கள்.

இந்தப் பருவங்களில் பேச்சுப் பருவம் என்று தனியாக ஒன்று இல்லை, பார்த்தீர்களா? ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யும் காரியங்களே அதிகம். பேச்சு என்பது செடியில் பூக்கிற பூ. வேர் பிடித்திருக்கிறதா என்பதை அதற்கு முன்னால் வரும் பார்வையிலும், சிரிப்பிலும், விரலிலும் பார்த்துவிடலாம். புலவர்கள் ஆட்டிசத்தை அறிந்திருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. குழந்தையை அறிந்திருந்தார்கள்.

இரண்டு விரல்கள்

அம்புலிப் பருவத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இடுப்பில் குழந்தை, கையில் சோற்றுக் கிண்ணம். 'அதோ பார் நிலா' என்று அம்மா விரலை நீட்டுகிறாள். குழந்தை முதலில் விரலைப் பார்க்கிறது. விரல் போகும் திக்கில் நிலாவைப் பார்க்கிறது. பிறகு திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. 'நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்' என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் ஒரு சம்பாஷணையே நடந்துவிட்டது.

விரல் நீட்டுவதிலும் இரண்டு விதம் உண்டு. அலமாரியிலுள்ள முறுக்கு டப்பாவைக் காட்டி 'அதை எடுத்துக் கொடு' என்று நீட்டுவது ஒன்று. தெருவில் போகும் யானையைக் காட்டி 'அம்மா, அதைப் பாரேன்' என்று நீட்டுவது மற்றொன்று. முதலாவது கேட்கிற விரல். இரண்டாவது பகிர்ந்துகொள்கிற விரல். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் அந்த இரண்டாவது விரல் வெகு தாமதமாக வருகிறது. சிலரிடம் வருவதே இல்லை. டப்பா வேண்டுமானால்கூட விரலை நீட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய் டப்பாவின் மேல் வைக்கிற குழந்தைகள் உண்டு.

டாக்டர்கள் சொல்லும் கெடுக்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் மழலையோ, விரல் நீட்டுவதோ, கையாட்டுவதோ இல்லையென்றால். 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையென்றால். 24 மாதத்தில் 'பால் தா' என்பது போல் இரண்டு வார்த்தையைத் தானாகச் சேர்க்கவில்லையென்றால், டாக்டரிடம் காட்ட வேண்டும். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைப் பேச்சு கணக்கில் சேராது. வந்த பேச்சும் சிரிப்பும் எந்த வயதில் நின்றுபோனாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இருபது கேள்விகள்

இந்தக் கவனிப்பை ஒழுங்குபடுத்தி, 2001ல் அமெரிக்காவில் டயானா ராபின்ஸ் முதலிய மூவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 'எம்-சாட்' என்று பெயர். 2014ல் அதைத் திருத்தி இருபது கேள்விகளாக்கினார்கள். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. பெற்றோர் 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொன்னால் போதும்.

கேள்விகள் என்ன தெரியுமா? பேர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா? நீங்கள் கைதட்டினால் பார்த்துத் தட்டுகிறதா? தூரத்தில் ஒன்றைக் காட்டினால் அதைப் பார்க்கிறதா? தானே ஒன்றைக் காட்டுகிறதா? சிரித்தால் சிரிக்கிறதா? பொம்மைக்குச் சோறூட்டுவது போல் பாவனை விளையாட்டு உண்டா? வருகை, சப்பாணி, அம்புலி, சிற்றில்! பிள்ளைத்தமிழின் பாதிப் பருவம் வந்துவிட்டது, அல்லவா?

கவலை தரும் பதில்கள் இரண்டுக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. மூன்று முதல் ஏழு வரை என்றால், அதே விஷயங்களை மறுபடி விவரமாக விசாரிக்க வேண்டும். எட்டும் அதற்கு மேலும் என்றால் நேரே நிபுணரிடம் போக வேண்டியதுதான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இது சல்லடை, தீர்ப்பு அல்ல. முறத்தில் அரிசியைப் புடைக்கும்போது ஓரத்துக்கு ஒதுங்குவதெல்லாம் கல்லாகிவிடுமா? நொய்யும் ஒதுங்கும். 16,071 குழந்தைகளை வைத்து இந்தக் கேள்வித்தாளைச் சோதித்தார்கள். இரண்டு கட்ட விசாரணையிலும் ஒதுங்கிய குழந்தைகளில் நூற்றுக்கு 47 அல்லது 48 பேருக்குத்தான் ஆட்டிசம். ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேருக்கு, ஆட்டிசமோ வேறு ஏதாவது வளர்ச்சித் தாமதமோ, டாக்டர் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. ஆகையால் கேள்வித்தாளில் மார்க்கு கூடிவிட்டது என்று இடிந்துபோய் உட்காரவும் வேண்டாம். அதை மடித்துப் பெட்டியில் வைக்கவும் வேண்டாம்.

திருச்செந்தூர்க் கடலுக்கு அக்கரையில், இலங்கையிலே நடந்த ஒரு சோதனையும் சுவாரசியமானது. 2009ல் வெளியான அந்த ஆராய்ச்சியில் ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரையுள்ள 374 குழந்தைகளைப் பார்த்தார்கள். நால்வருக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. அந்த நால்வரில் எம்-சாட் கேள்வித்தாள் பிடித்தது ஒருவரைத்தான்! அதற்குப் பிறகு இலங்கை டாக்டர்கள், கேள்விகளுக்குப் பதிலாகப் படங்களைக் காட்டித் தாய்மாரிடம் விசாரிக்கும் முறையை உண்டாக்கினார்கள். அது எவ்வளவோ நன்றாக வேலை செய்தது.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. 'என் பிள்ளை திரும்பிப் பார்ப்பானா? பேஷாகப் பார்ப்பான்' என்று தாயன்பு முந்திக்கொண்டு சொல்லிவிடும். பத்துத் தடவை கூப்பிட்டதில் எத்தனை தடவை பார்த்தான் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் காதைப் பரிசோதிப்பார். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம். 'டி.வி. சத்தம் கேட்டால் ஓடி வருகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. சில ஓசைகள் கேட்டு, சில ஓசைகள் கேட்காத செவியும் உண்டு.

பிறகு குழந்தையோடு விளையாடிப் பார்ப்பார். பெற்றோரைத் துருவித் துருவிக் கேட்பார். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறதா, குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறதா, போகும் வழி மாறினால் தவிக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பார். நமது நாட்டிலேயே 2009ல் வெளியான ஓர் அளவுகோல் உண்டு. ஐ.எஸ்.ஏ.ஏ. என்பார்கள். அதில் 40 அம்சங்கள். மொத்த மதிப்பெண் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை இலேசு. 107 முதல் 153 வரை மத்திமம். அதற்கு மேல் கடுமை.

பெண் குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். ஆட்டிசம் ஆண் குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மை. அதனாலேயே பெண் குழந்தை ஒதுங்கியிருந்தால் 'அடக்கமான பெண்' என்று மெச்சி விட்டுவிடுகிறோம்.

குற்றவாளி யார்?

குழந்தைக்கு இப்படி என்று தெரிந்ததும் சில வீடுகளில் முதல் அம்பு தாய் மேல் பாய்கிறது. 'கர்ப்பத்தில் என்ன செய்தாளோ', 'வேலைக்குப் போனாள், பிள்ளையைக் கவனிக்கவில்லை' என்று.

இந்த அநியாயம் நம் ஊரில் மட்டும் நடக்கவில்லை. தாயிடம் பாசக்கதகதப்பு இல்லாததுதான் காரணம் என்று மேல்நாட்டில் பெரிய பெரிய ஆசாமிகளே ஒரு காலத்தில் எழுதினார்கள். 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் அந்த ரீதியில் போட்ட புத்தகம் பிரபலமாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1964ல், பெர்னார்டு ரிம்லண்டு என்ற மனத்தத்துவ நிபுணர் அந்த வாதத்தைத் தகர்த்திருந்தார். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். 1977ல் இரட்டைக் குழந்தைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி வந்தது. ஒரே அச்சான இரட்டையர் 11 ஜோடியில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. ஒரே அச்சில்லாத 10 ஜோடியில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பிறவிக் கூறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

அப்புறம் தடுப்பூசியின் மேல் பழி போட்டார்கள். 1998ல் இங்கிலாந்தில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையால் வந்த வினை. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010ல் வாபஸ் வாங்கிவிட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளுக்கு மேல் கவனித்து, சம்பந்தமே இல்லை என்று 2019ல் அறிவித்தார்கள். ஊசியைப் பயந்து நிறுத்திவிட்டு அம்மைக்குப் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

எங்கே போவது?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ம் வருஷத்துக் கணக்குப்படி 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அப்படியானால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். உங்களுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல.

2013ல் மத்திய சர்க்கார் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு தடவை வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று. சந்தேகப்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். திருச்செந்தூர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைநகர் தூத்துக்குடி. சுமார் 40 கிலோமீட்டர் பஸ் பிரயாணம். அடுத்த தடவை குழு எப்போது வரும் என்று அங்கன்வாடி அம்மாளைக் கேளுங்கள். அதுவரை காத்திருக்க மனமில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையோ குழந்தை வைத்தியரையோ பாருங்கள்.

2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளியில் சேர்க்க மறுப்பவர்களிடம் அது பேசும். 'நிராமயா' என்ற இன்ஷூரன்ஸ் திட்டத்தில் சேரவும் உதவும்.

மருந்து கொடுத்து ஆட்டிசத்தைப் போக்க முடியாது. பூரண குணம் என்று வாக்குக் கொடுத்துப் பெருந்தொகை கேட்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் பயிற்சி உண்டு. பேச்சுப் பயிற்சி, அன்றாடக் காரியங்களுக்கான பயிற்சி, எல்லாவற்றிலும் மேலாகப் பெற்றோர் வீட்டில் தரும் விளையாட்டுப் பயிற்சி. நிபுணர்கள் அல்லாத சுகாதார ஊழியர்களே பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுத்து, அதில் பலன் கண்டதாகக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த ஆராய்ச்சி 2016ல் தெரிவித்தது. இளம் மூளை ஈர மண் போன்றது. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பதியும். எல்லாக் குழந்தைகளும் பேசிவிடுவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் படத்தைக் காட்டியோ, சைகை செய்தோ, 'எனக்குப் பசிக்கிறது, வயிறு வலிக்கிறது' என்று தெரிவிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை பாதி அழுகையை நிறுத்திவிடும்.

குமரகுருபரரின் பெற்றோர் கதைக்கு வருவோம். 'தானாகப் பேசுவான்' என்று அவர்கள் ஸ்ரீவைகுண்டத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் தங்களுக்குத் தெரிந்த வழியைத் தேடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஆச்சி அந்தக் கதையைச் சொன்னால் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இன்றைய பெற்றோருக்குத் தெரிந்த வழிகள் இன்னும் அதிகம். முருகனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், விபூதி இட்டுவிடுங்கள், அதே வாரத்தில் டாக்டரிடமும் காட்டுங்கள். ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

உங்கள் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறதா? இன்று இரவு சோறூட்டும்போது செல்போனைத் தூர வைத்துவிட்டு, வாசலுக்குத் தூக்கி வந்து அம்புலியைக் காட்டுங்கள். அம்புலி இல்லாத நாளானால் தெருவிளக்கைக் காட்டினாலும் சரிதான். குழந்தை நிலாவைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் பார்த்தால், ஆனந்தமாக இன்னொரு கவளம் ஊட்டுங்கள். பார்க்கவில்லையென்றால் நாளைக்கும், மறுநாளும் காட்டுங்கள். ஒரு வாரம் ஆகியும் விரல் போன திக்கில் பார்வை போகவில்லையென்றால், கவலைப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள்.